கியர் விழவில்லை

லீவரை முன்னுக்குத் தள்ளினான். மோட்டார் உறுமியது; படகு நின்ற இடத்திலேயே நின்றது. பின்னுக்கு இழுத்தான். அதே உறுமல், அதே இடம். நடுப்பலகையில் மகள், லைஃப் ஜாக்கெட்டுக்குள் கழுத்துவரை புதைந்து, துணிப்பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியார். எதிரில் மாமனார். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர்; யார் ஓட்டும் எதில் ஏறினாலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவர்.

"என்ன மாப்பிள்ளை, சத்தம் ஊருக்கே கேக்குது, வண்டி நகரமாட்டேங்குது?"

"கியர் விழல மாமா."

"கிளம்பும்போதே மக்கர் பண்ணுது பாரு," என்று மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துறைப் படிகளில் ஏறினார்.

அக்கரையில் அவர்கள் வீடு. மனைவி இறந்துபோன பிறகு அவனுக்குக் குழந்தையை வைத்துக்கொள்ள வழியில்லை. நீரேற்று நிலையத்தில் இரவு வேலை. அடுத்த வீட்டு அக்காவும் எத்தனை நாள்தான் பார்ப்பாள்? "நாங்க கூட்டிட்டுப் போறோம், அங்கேயே ஸ்கூல்ல சேத்துடலாம்," என்று மாமியார் கேட்டபோது சரி என்றான். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரிதான். மனைவியின் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா? சரி. கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிடலாமா? சரி. அந்த வரிசையில் மகளும் போய்விட்டாள்.

மோட்டார் மூடியைக் கழற்றியதுமே கோளாறு தெரிந்துவிட்டது. லீவரையும் கியர் கம்பியையும் சேர்க்கும் சின்னப் பின் கழன்று, அடித்தட்டில் கிரீஸ் அப்பிக் கிடந்தது. அதை மாட்டி ஒரு துண்டு கம்பியால் முறுக்கிவிட்டால் போதும். கம்பி கருவிப்பெட்டியிலேயே இருந்தது. குழந்தை கையிலிருக்கும் பிஸ்கட்டைத் தின்று முடிப்பதற்குள் கிளம்பிவிடலாம்.

பின்னை எடுத்தான். இடது கை தானாக மூடிக்கொண்டது.

"இங்க ஒண்ணும் இல்ல மாமா. வேற எங்கயோ இருக்கு."

அதன்பிறகு, மோட்டாரையே பார்த்திராதவன் செய்வதையெல்லாம் செய்தான். கியருக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தான். மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, புரொப்பல்லரைக் கையால் சுற்றினான். காதை வைத்துக் கேட்டான். செய்ய ஏதும் மிச்சமில்லாமல் போனபோது, அடியிலிருந்த திருகைக் கழற்றி கியர் எண்ணெயை ஒரு பழைய டப்பாவில் வடியவிட்டான். கொஞ்சம் தண்ணீரிலும் சிந்தியது.

மாமனார் குந்தி உட்கார்ந்து டப்பாவுக்குள் விரல் விட்டார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். உள்ளே கியர் பல் உடைந்திருந்தால் துகள் நெருடும். தண்ணீர் புகுந்திருந்தால் பாலாய் வெளுத்திருக்கும். எண்ணெய் தேன்போலத் தெளிவாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவன் இடது கையைப் பார்த்தார்.

"ஒத்தக் கையாலயே ரிப்பேர் பாக்கறீங்களே மாப்பிள்ளை, பெரிய ஆளுதான்."

அவன் வலது கையாலேயே திருகை மறுபடி மாட்டினான்.

"என்னங்க, என்ன ஆச்சு?" படியிலிருந்து மாமியார்.

"பல்லு போயிடுச்சு," என்றார் மாமனார் உரக்க. "எண்ணெய் பூரா இரும்புத் தூளு. இன்னைக்கு ஆகாது."

அவன் நிமிர்ந்தான். "மாமா... ரொம்ப..."

"உங்களுக்காகச் சொல்லல." விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "எனக்காகச் சொன்னேன். சாப்பிட்டு முடிச்சதும் புள்ள தட்டை ஒரு தள்ளு தள்ளுது பாத்தீங்களா? அப்படியே அவ அம்மாதான். வந்ததுலேருந்து நான் அதும் மொகத்த நேரா பாக்கல. உங்க அத்தைக்குத் தெரியாது. இங்கன்னா வெளிய எந்திரிச்சுப் போயிடறேன். என் வீட்டுல நான் எங்க மாப்பிள்ளை போய் ஒளியறது?"

காலையில் மகளுக்குச் சட்டை மாட்டியது அவன் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்துப் போட்டான். பொத்தான்களை மட்டும்தான் பார்த்தான். கழுத்துப் பொத்தான் வந்ததும் எழுந்துவிட்டான்.

"நாளைக்காவது சரியாகுமா?" மாமியார் விடவில்லை. "ஸ்கூல்ல சொல்லி வெச்சிருக்கேன். யாராவது ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!"

மாமனார் அவனைப் பார்த்தார். அவன் மாமனாரைப் பார்த்தான்.

மகள் எப்போதோ பாட்டியின் கையிலிருந்து நழுவி, கடைசிப் படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். சிந்திய எண்ணெய் தண்ணீர்மேல் படர்ந்து நிறம்நிறமாய் அவள் காலடிக்கு வந்திருந்தது.

"ஐ, கலர் கலரா ஓடுது! இங்க வந்து பாருங்க!"

யாரைக் கூப்பிட்டாள் என்று சொல்லவில்லை. அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே அவள் முகம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் காலால் ஒரு அடி அடித்தாள்; முகம் நாலா பக்கமும் சிதறியது. அது மெல்ல மெல்ல ஒன்றுகூடுவதை அவன் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு வந்தது. வாய் வந்தது. கண் வருவதற்குள் அவள் மறுபடி காலைத் தூக்கினாள்.