இரண்டாவது கொழுக்கட்டை

குழந்தை குப்புற விழுந்தால் தெருவுக்குக் கொழுக்கட்டை கொடுப்பது வழக்கம். கட்டில் குழந்தையைக் குப்புறத் தள்ளிவிட்டால் கொடுக்கலாமா என்பதற்கு வழக்கம் எதுவும் இல்லை. ஆட்டோ ஓட்டும் வேடியப்பன் யாரையும் கேட்காமல் கொடுத்துவிட்டான்.

இது தொண்ணூற்றெட்டில். மகள் அபிநயாவுக்கு அப்போது எட்டு மாதம். டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்த மாதமே டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பு துணிப்பொம்மை மாதிரி தொளதொளவென்று இருக்கும். எப்போது புரளுவாள் என்று யாரும் தேதி குறித்துத் தரவில்லை. அந்த அவசரத்தில்தான், நாடாக் கட்டிலில் அவள் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததும் நாற்பது வீட்டுக்குக் கொழுக்கட்டை போயிற்று.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சந்திரகலா கட்டிலை அழுத்திப் பார்த்தார்.

"நடுவுல பள்ளம். இதுல அம்மிக்கல்லைப் போட்டாலும் புரளும்ங்க. தரையில பாய் விரிங்க. முழிச்சிருக்கும்போது மார்புக்கடியில துண்டைச் சுருட்டி வச்சு, குப்புறப் போடுங்க. கொஞ்சங் கொஞ்ச நேரம், நாலஞ்சு தடவை. கழுத்தும் தோளும் பலமாவட்டும். பக்கத்துல சத்தம் காட்டித் திருப்புங்க. சிணுங்கினா உடனே தூக்கிடாதீங்க."

கடைசிப் பயிற்சி வேடியப்பனுக்கானது. அவன் அதில் தேறவில்லை. நாலாம் நாள் வள்ளி புருஷனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

கிலுகிலுப்பைக்கு அபிநயா மசியவில்லை. ஆட்டோவின் ரப்பர் ஹாரனுக்குத்தான் தலையைத் தூக்கினாள். அவன் அதைக் கழற்றி வீட்டில் வைத்தான். அன்றிலிருந்து தேரடி வீதியில் ஆட்டோ அவன் வாயால் போனது. "ஓரம்! ஓரம் சாமி!" பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. ஹாரன் எங்கே என்று ஸ்டாண்டில் கேட்டால், "வூட்ல ட்யூட்டில இருக்குது" என்பான்.

பக்கத்து வீட்டுப் பொன்னி விடவில்லை. "இன்னாண்ணா, அடுத்த கொழுக்கட்டை எப்போ? கட்டில் நடக்க ஆரம்பிச்சிடுச்சா?"

எல்லாரையும்விட அவன்தான் சத்தமாகச் சிரித்தான். புரளாமலே போய்விட்டால் என்ற பயத்தை வள்ளியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்பதரை மாதத்தில் ஒரு காலை. மல்லாந்து கிடந்த அபிநயாவின் பக்கவாட்டில் வள்ளி ஹாரனை அமுக்கினாள். பாம்! தலை திரும்பியது. தோள் தொடர்ந்தது. ஒரு கால் மறுபக்கம் வந்தது. பாதியில் கை அடியில் மாட்டிக்கொள்ள, சிணுங்கினாள். வேடியப்பன் தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டான். பாம்! கவிழ்ந்தாள். கையை மெல்ல உருவிக்கொண்டு, தலை நிமிர்த்தி ஹாரனை முறைத்தாள்.

வள்ளி அழுதாள். அவனோ வெளியே ஓடி, திருஷ்டிக்காக ஆட்டோவில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிய்த்துவந்து பாய் ஓரமாகத் தரையில் வைத்தான்.

"இன்னாய்யா பண்றே?"

"தரை சாயுதான்னு பாக்கறேன். இன்னொரு வாட்டி மானம் போவக்கூடாதுல்ல."

பழம் அசையவில்லை. இடம் மாற்றி வைத்தான். அப்போதும் அசையவில்லை. அபிநயாதான் கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டினாள். அது உருண்டுபோய், சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்ற பொன்னியின் காலருகே நின்றது.

பொன்னி குனிந்து பழத்தை எடுத்தாள். கவிழ்ந்து கிடந்த குழந்தையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தினி படி அரிசி ஊறப்போடணும்ணா?"

வேடியப்பன் பதிலுக்கு ஹாரனை எடுத்து அமுக்கினான்.