அரை நிமிடம் பின்னால்

"இன்னும் வட்டம்தான்டா சுத்துது," என்றாள் அக்கா யோன்சுக்.

மான்ஹோ கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு கதவோரச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவனுக்குப் பின்னால் நாலெட்டுத் தூரத்தில், எஃகு மேசையின் மேல் அவனுடைய அப்பா படுத்திருந்தார். மருத்துவமனைக்குக் கீழே இருக்கும் சடங்கு அறை அது. இறந்த இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு உடலைப் பெட்டியில் வைப்பதாகக் குறித்திருந்தார்கள். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

பெட்டியை மூடிவிட்டால் அப்புறம் முகம் கிடையாது. மறுநாள் தகனம். வீட்டு ஆட்கள் கடைசியாக முகம் பார்ப்பதற்கு இந்த அரைமணி நேரம்தான். அதற்காகத்தான் அவன் அக்கா ஹாம்பர்க்கிலிருந்து ஓடி வந்தாள். வந்தவளுக்கு விமான நிலையப் பரிசோதனையிலேயே தொற்று இருப்பதாகத் தெரிந்து, விமான நிலையம் இருக்கும் இஞ்சோனிலேயே ஒரு தனிமைப்படுத்தும் முகாம் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அங்கிருந்து இவர்கள் இருக்கும் ஜெச்சோனுக்கு இரண்டரை மணி நேரம்தான். இத்தனை கிட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டாளே என்று நினைக்க நினைக்க மான்ஹோவுக்கு ஆறவில்லை.

இதில் அவன் பங்கும் இருந்தது. இரண்டு வாரம் முன்பு அப்பாவை மூச்சுத் திணறலோடு சேர்த்தபோதே அக்கா கிளம்புகிறேன் என்றாள். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார், லீவை வீணாக்காதே, மெதுவாக வா என்று சொன்னது இவன்தான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் நேற்றிலிருந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் போட்ட சாப்பாட்டு மேசையில் எந்த உறவுக்காரர் எதிரே உட்கார்ந்தாலும், யோன்சுக் வரவில்லையா என்றுதான் முதலில் கேட்டார்கள். இவன் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தபடி பதில் சொன்னான்.

அறைக்குள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கக் கூடாது. அது அந்தக் கூடத்தின் கண்டிப்பான விதி. கூரை மூலையில் அவர்களே ஒரு கேமரா வைத்திருந்தார்கள். வர முடியாத உறவுகளுக்கு ஒரு லிங்க் கொடுப்பார்கள், அதைத் திறந்தால் நேரலையாகத் தெரியும். காலையிலேயே மான்ஹோ அதை அக்காவுக்கு அனுப்பிவிட்டான். அவனுடைய கைபேசியில் போட்டுப் பார்த்தபோது அழகாக ஓடியது. அக்காவிடம் ஓடவில்லை.

இத்தனைக்கும் அதுதான் அவன் பிழைப்பு. பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடமாகத் தொலைபேசி எடுக்கிறான். வீடியோ ஓடவில்லை என்று ஒரு நாளைக்கு எழுபது பேர் கூப்பிடுவார்கள். டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அந்த வேலை கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. என் மகன் படம் ஓடலைன்னு அழறவங்களுக்கு ஆறுதல் சொல்ற ஆபீசர் என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பாராம்.

"பக்கத்தை மறுபடி ஏத்தினியா?"

"பத்து தடவை ஏத்திட்டேன்."

கைபேசியில் திறந்திருந்த மற்ற ஜன்னல்களை எல்லாம் மூடச் சொன்னான். மூடினாள். முகாமின் வைஃபையை விட்டுவிட்டு சிம் இணையத்துக்கு மாறச் சொன்னான். மாறினாள். பேட்டரிச் சிக்கனத்தை அணைக்கச் சொன்னான். சேமித்து வைத்த பழைய கோப்புகளை அழிக்கச் சொன்னபோது, ஜெர்மன் மொழியில் இருந்த கைபேசி அமைப்புகளில் அது எங்கே இருக்கிறதென்று அவளுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து நாலாவது, அதற்குள் இரண்டாவது என்று வழி சொன்னான். கண்ணை மூடினால்தான் அந்தத் திரை அவனுக்குத் தெரியும். பின்னால் தண்ணீரில் துணி பிழியும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு முகம் துடைக்கிறார்கள்.

"இப்ப?"

"கறுப்பா இருக்கு. நடுவுல வட்டம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பதினோரு வருஷமா என்னத்தடா வேலை பாத்த?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இன்னும் திட்டட்டும் என்றிருந்தது.

சடங்கு நடத்துகிற மா என்பவர் ஐம்பது வயதுக்காரர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். சணல் துணியில் தைத்த உடையை அப்பாவுக்கு உடுத்தி முடித்துவிட்டு, கருமம் செய்யும் மகன் முன்னால் வர வேண்டும் என்று கூப்பிட்டார். வாயில் அரிசி இடும் நேரம். மான்ஹோ திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிடம் என்று காட்டினான்.

சித்தப்பா கிட்டே வந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. நேற்றிலிருந்து தூங்காத கண்கள்.

"இங்கயும் ஆபீஸ் நடத்துறியா?" என்றார், பல்லுக்குள்.

"அக்காவுக்குத் தெரியல சித்தப்பா."

"அவளுக்குத் தெரியலைன்னா நீயாவது பாருடா."

"நீங்க ஆரம்பிங்க. இதோ வந்துடறேன்."

சித்தப்பா அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வில்லோ மரக் கரண்டியில் ஊறவைத்த அரிசியை அள்ளி, அண்ணனுடைய வாயில் இட்டார். போகிற வழிக்கு நூறு மூட்டை, என்றார். அடுத்த கரண்டிக்கு ஆயிரம் மூட்டை. மூன்றாவதற்குப் பத்தாயிரம் மூட்டை என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அது மகன் சொல்ல வேண்டிய கணக்கு. மான்ஹோ அதைச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். இன்னும் ஒரே ஒரு வழி பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் வேலையில் அப்படித்தான் பழக்கம். வீடியோ ஓடாமல் போனை வைக்கக் கூடாது.

"நாங்கள் முகத்தை மூட வேண்டும்," என்றார் மா. "மெதுவாகத்தான் செய்கிறேன். ஆனால் அடுத்த குடும்பம் பன்னிரண்டுக்கு."

"மூடப் போறாங்களா?" என்றாள் யோன்சுக். "டேய், மூடப் போறாங்களா? என்னை லிங்க்கைத் தொடு தொடுங்கிற. தொட்டுக்கிட்டேதான் இருக்கேன். உன் மெசேஜ்லயே எத்தனை தடவைதான் தொடறது?"

மான்ஹோ அப்படியே நின்றுவிட்டான்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கும் முதல் கேள்வி அது. எதில் திறந்தீர்கள்? அரட்டைச் செயலிக்குள்ளேயே லிங்க்கைத் தொட்டால், அது தனக்குள் ஒரு குட்டி ஜன்னலைத் திறந்து காட்டும். பாதி வீடியோ அதில் ஓடாது. எழுபது பேரில் முப்பது பேருக்கு அதுதான் கோளாறு. முன்பின் தெரியாத எழுபது பேரிடமும் எடுத்த எடுப்பில் அதைக் கேட்கிறவன், சொந்த அக்காவிடம் கேட்கவில்லை. அக்கா என்றதும் வாய் வேறு எங்கோ போய்விட்டது.

"அக்கா. மேல வலது மூலைல மூணு புள்ளி இருக்கா?"

"இருக்கு."

"அதைத் தொடு. வேற பிரவுசர்ல திறன்னு வரும், பாரு."

"எது? ம். தொட்டுட்டேன். வெள்ளையா வருது."

"இரு. ஒண்ணும் பண்ணாதே."

அவள் பக்கத்தில் முகாமின் காற்றோட்ட இயந்திரம் மட்டும் உறுமியது. பிறகு அவள் "அப்பா" என்றாள். இவனிடம் சொல்லவில்லை. சின்ன வயதில் பஸ் டிப்போ வாசலில் நின்று கூப்பிடுவாளே, அதே குரலில் கூப்பிட்டாள்.

அவள் அழுவதைக் கேட்டதும் மான்ஹோ அப்பாடா என்று சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். இனி அவனும் பார்க்கலாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

அப்பாவின் முகம் மூடியாகிவிட்டது. சதுரமான சணல் துணி நெற்றியிலிருந்து மோவாய் வரை இறுக்கமாகக் கிடந்தது. மா கடைசி முடிச்சை இழுத்து மடக்கிச் செருகிவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். போட்ட முடிச்சை அவிழ்க்கும் வழக்கம் கிடையாது. சித்தப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவனைப் பார்க்கவில்லை.

"எவ்ளோ இளைச்சுட்டாரு," என்றாள் யோன்சுக் காதுக்குள். "ஆனா முகம் நல்லா இருக்குடா. தூங்கற மாதிரி இருக்கு. புருவத்தைக்கூடச் சீவி விட்டிருக்காங்க."

அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது ஏனென்று தெரியும். நேரலை என்று பெயர்தானே தவிர, எந்த நேரலையும் அரை நிமிடமாவது பின்னால்தான் வரும். அங்கே, முகாம் அறையில், அப்பாவின் முகம் இன்னும் திறந்திருந்தது.

"சித்தப்பா மேசைகிட்ட நிக்கிறாரு. நீ எங்கடா? உன்னைக் காணோமே?"

"கேமராவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்."

"பக்கத்துலதான?"

"பக்கத்துலதான்."

"பாத்தியா, வாயோரத்துல சிரிக்கிற மாதிரி இருக்கு."

"பாத்தேன்க்கா."

"எனக்காக ஒரு தடவை கன்னத்தைத் தொடுடா. மூடறதுக்குள்ள."

மான்ஹோ கைபேசியைப் பிடித்தபடி நாலெட்டு நடந்து மேசையருகே போனான். மா ஏதோ சொல்ல வந்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சணல் துணியின் மேல், கன்னம் இருக்கும் இடம் என்று தோன்றிய இடத்தில், மான்ஹோ உள்ளங்கையை வைத்தான். துணி சொரசொரவென்றிருந்தது. அதற்கு அடியில் எலும்பின் மேடு தட்டுப்பட்டது.

"தொட்டியா?" என்றாள்.

"தொட்டுட்டேன்."

"இன்னும் தெரியலையே."

"வரும்க்கா," என்றான். "பாத்துக்கிட்டே இரு."

அவன் கையை எடுக்கவில்லை.