தூக்க ஆள் வேண்டாத கேமரா

ராஜேந்திரன் ஆசையோடு கையில் எடுத்த கேமராவைப் பார்த்ததுமே பாஞ்சாலைக்கு விளங்கிவிட்டது. அவன் பார்ப்பது கேமராவை அல்ல, அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டியிருக்குமா என்பதை.

வேண்டியிருக்கும். மூன்று லென்ஸ், ஃபிளாஷ், முக்காலி ஸ்டாண்டு, எல்லாவற்றையும் போட்டு மூட ஒரு தோல் பெட்டி. பெட்டியை ஒரு கையில் தூக்கினால் உடம்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

செங்கம் ரோட்டில் ஜானி பாஷா கடை அது. பலகையில் கடிகார ரிப்பேர் என்று போட்டிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன சாமான்கள்தான். தூங்கும் பை, டேப் ரிக்கார்டர், ஸ்டவ், கேமரா. ஞானம் கிடைத்தவரும் சரி, கிடைக்காதவரும் சரி, கடைசியில் பாயிடம் பேரம் பேசாமல் பஸ் ஏறியதில்லை.

"இத்த மாட்டினு போனா கலெக்டரே எழுந்து நிப்பாரு," என்றான் ராஜேந்திரன்.

"அவரு எழுந்து நின்னா எனக்கு இன்னாத்துக்கு மாமா? அவரு உக்காந்து தூங்கறதுதான் எனக்குப் படம்."

விஷயம் இதுதான். அடி அண்ணாமலை கிராமத்தில் இருசப்பன் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் பாஞ்சாலை. அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியதோடு படிப்பு முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கையில், ஒரு வாரப்பத்திரிகை அவளை ஹம்பிக்கும் பாதாமிக்கும் போய்ப் பொங்கல் இதழுக்குப் படத்தோடு கட்டுரை எழுதித் தரச் சொன்னது. அப்பா இருசப்பன் முடியாது என்று சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒன்று சொன்னார்.

"போய்ட்டு வா. ஆனா பொட்டி படுக்கையெல்லாம் பொம்பள ஒண்டியா தூக்கினு போவ முடியுமா? ராஜேந்திரன் கூட வரட்டும். மொறைப் பையன்தானே."

ராஜேந்திரன் அத்தை மகன். அவனோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பினால் பந்தக்கால் தயாராக நிற்கும். அத்தையின் கணக்கு அது. அப்பாவுக்கும் அதில் பங்குண்டு என்பது பாஞ்சாலையின் சந்தேகம்.

ஆகவே அவள் கண்ணாடிப் பெட்டியின் மூலையில் கிடந்த சின்னதை எடுத்தாள். கறுப்பு. உள்ளங்கையில் வைத்து மூடினால் காணாமல் போகும். கல்லூரியில் படம் பிடிக்கப் பழகியவள் என்பதால் பாயின் விளம்பரத்தை நம்பவில்லை. கேமராவின் பின்மூடியைத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லென்ஸில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஷட்டரைக் குறைந்த வேகத்தில் வைத்துக் காதோரம் அழுத்திக் கேட்டாள். ஈ உட்கார்ந்து எழுந்த அளவுக்குத்தான் சத்தம். கண்ணை வைத்துப் பார்த்தபோது பாய்க்கு இரண்டு தாடி தெரிந்தது. ஓரத்துக் குமிழைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து வந்து ஒரே தாடியாயிற்று. துல்லியம். இது விளையாட்டுச் சாமான் இல்லை.

"அய்ய, சோப்பு டப்பா!" என்று சிரித்தான் ராஜேந்திரன். "பாய், இதுல படம் விழுமா, நொரை வருமா?"

"ரெண்டுமே சோக்கான மாலு தம்பி," என்றார் பாய். எதை விற்றாலும் அவருக்கு லாபம். "தீபத்துக்கு மாட்டுச் சந்தை கூடுது இல்ல? ஆளுக்கு ஒண்ணு எடுத்துனு போய் புடிச்சிப் பாருங்க. புடிச்சத வச்சிக்கங்க."

இருசப்பன் அதையே தீர்ப்பாக்கினார். எந்தக் கேமராவின் படம் நன்றாக வருகிறதோ, அதுதான் ஹம்பிக்குப் போகும். பெரியது போனால் ராஜேந்திரனும் போவான்.

சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலை அழுத்தி அழுத்திப் பேசுவார்கள். ஒரு விரல் அழுத்தத்தில் ஒருவர் முகம் கோணும், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். பாஞ்சாலைக்கு அந்தக் கோணல்தான் வேண்டியிருந்தது.

ராஜேந்திரன் சஃபாரி சட்டையும் கழுத்தில் பெரிய கேமராவுமாக உள்ளே நுழைந்தான். அவ்வளவுதான். தரகர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். வியாபாரம் நின்றது. சீப்பு கை மாறியது. மாட்டுக்குக்கூட ஒருவர் நெற்றியைத் துடைத்துப் பொட்டு வைத்தார்.

"தம்பி, என்னியும் இவனயும் சேத்து ஒண்ணு."

"எங்க மாட்ட முழுசா புடி, வால உட்டுராத."

பாஞ்சாலைக்கு முதலில் எரிச்சல் மண்டியது. பிறகு ஒன்றைக் கவனித்தாள். ஊரே ராஜேந்திரனைப் பார்த்தபடி நிற்க, அவளை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் இருக்கும் இடத்தில் விறைப்பு. அவன் முதுகுக்குப் பின்னால் துண்டுக்கடியில் விரல்கள் ஜரூராகப் பேசிக்கொண்டிருந்தன. சோப்பு டப்பா அங்கே வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் கணக்குப் போடும் தரகர், கை உள்ளே இருக்க வாய் பிளந்து நிற்கும் குடியானவர், இருவருக்கும் நடுவில் அசை போடும் எருது.

அதோடு நின்றிருந்தால் நல்ல பெண் என்று பெயர் வாங்கியிருப்பாள். அவள் நிற்கவில்லை.

"எல்லாரும் வாங்க, வெக்கப்படாதீங்க!" என்று குரல் கொடுத்தாள். "மாமா எல்லாரையும் புடிப்பாரு. படத்த காப்பி போட்டு வூட்டுக்கே கொண்டாந்து குடுப்பாரு. காதுகுத்து, மஞ்சத்தண்ணி, எதுக்குக் கூப்ட்டாலும் வருவாரு!"

"மெய்யாலுமா தம்பி?"

ராஜேந்திரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "பின்ன? நம்ம ஜனத்துக்கு இல்லாததா?"

படங்கள் கழுவி வந்த அன்று இருசப்பன் கோரைப்பாய் விரித்து அவற்றைப் பரப்பினார். மகளின் படங்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் சுண்டியது.

"இன்னாடி இது? ஒருத்தன் மூஞ்சியும் நேரா இல்ல. இவன் கண்ண மூடினு கீறான். அவன் புடிச்சதப் பாரு, கால் விரலு வரிக்கும் தெரியுது, எல்லாம் பட்டாளத்துக்காரன் மாதிரி நிக்கிறானுங்க. இதான் படம்."

"நைனா, பத்திரிகைக்கு இதுதான்…"

"பத்திரிகைக்காரனா உன்ன அனுப்பறான்? நான் அனுப்பறேன்."

ராஜேந்திரன் அன்றே பெரிய கேமராவை வாங்கிவிட்டான். பாஞ்சாலை, டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததில் சின்னதை வாங்கிக்கொண்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அவள் சண்டை போடாதது ராஜேந்திரனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

மறுநாளே முதல் ஆள் படத்தின் காப்பி கேட்டு வந்தார். அப்புறம் சந்தையே வந்தது. எருதுக்காரர் வால் விட்டுப்போனதென்று திரும்ப எடுக்கச் சொன்னார். உறவுக்காரி சந்திரம்மாள் பேரனுக்குக் காதுகுத்து. அவள் இருசப்பனிடமே வந்து கேட்டாள். சாதி சனத்துக்கு முன்னால் அவர் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க அக்கா பையன்தான? வருவான் போ, நான் வாக்கு குடுக்கறேன்," என்றார். வாக்குக் கொடுப்பது அவருக்கு ருசித்துப்போயிற்று. இரண்டு சீமந்தம், ஒரு சங்கத் தேர்தல், ஒரு புது டிராக்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் பாஞ்சாலை ஹம்பிக்குப் புறப்படும் நாளைச் சொன்னாள்.

"அன்னிக்கா? அன்னிக்குக் காதுகுத்து ஆச்சே," என்றார் இருசப்பன். "ஒரு வாரம் தள்ளிப் போடு."

"அப்புறம் டிராக்டர் நைனா. அதுக்கப்புறம் சீமந்தம். பொங்கல் இதழு எனக்காவ காத்துனு இருக்குமா?"

"அப்ப யாரு உங்கூட வரது?"

"நீங்கதான சொன்னீங்க, பொட்டி தூக்கத்தான் ஆளுன்னு? பெரிய பொட்டி இங்கியே இருக்கட்டும், ஊருக்கு வேணும். எனக்கு ரெண்டு புடவை, இது ஒண்ணு." கையை விரித்துக் காட்டினாள். "நீங்க வாக்கு குடுத்துட்டு மாமாவ அனுப்பிட்டா, சந்திரம்மா அத்தைக்கு யாரு பதில் சொல்றது?"

மகள் தன்னை எங்கேயோ வைத்துப் பூட்டிவிட்டாள் என்று இருசப்பனுக்குத் தெரிந்தது, சாவி எங்கே என்றுதான் தெரியவில்லை. "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ," என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

பெங்களூர் பஸ் கிளம்பும் நேரத்தில் ராஜேந்திரன் ஓடி வந்தான். ஒரு கையில் சூட்கேஸ், கழுத்தில் கேமரா. "பாஞ்சாலை, இரு! நானும் வரேன்!" அவன் பின்னால் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகியபடி சந்திரம்மாள், அவள் இடுப்பில் மொட்டைத் தலைச் சந்தனத்தோடு குழந்தை.

"எங்கடா ஓடற? ஆசாரி ஊசிய வச்சினு உக்காந்துனுகீறாரு!"

மகளை வழியனுப்ப வந்திருந்த இருசப்பன் ஒரு கணம் தவித்தார். பிறகு அவரே அக்கா மகனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். பாஞ்சாலை ஜன்னலில் கையை ஊன்றியபடி சோப்பு டப்பாவை அமுக்கினாள். யாருக்கும் கேட்கவில்லை.

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் வந்தார்.

"எத்தினி பேரும்மா?"

"ஒண்டி."

"ஒண்டியாவா?"

"ஏன், பஸ்ஸு ஓடாதா?"