‘கீழ் போர்ஷன்’ எங்கள் ஊருக்கு வந்தபோது

எண்பத்தெட்டாம் வருஷம் நாமகிரிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரே டிவி, அது எங்கள் வீட்டு டிவி. செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் ‘கீழ் போர்ஷன்’ சிரிப்புத் தொடர் பார்க்கத் தெருவே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிடும். பாய் விரிப்பது நான். தண்ணீர் மொண்டு கொடுப்பது நான். யார் வீட்டுக் குழந்தையோ அழுதால் பால் ஆற்றுவதும் நான்தான். கூடத்தில் எல்லோரும் குபீரென்று சிரிக்கும்போது அடுப்படியில் நிற்பேன். ஓடி வந்து எட்டிப் பார்த்தால் சிரிப்பு முடிந்து, அடுத்த ஆள் தண்ணீர் கேட்பான். ஒரு வருஷமாக ஒரு கதையைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை.

அந்தத் தொடரில் நடிக்கிறவர்களே பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக எங்கள் ஊரில் நாடகம் போட வருகிறார்கள், மேடை எங்கள் மஞ்சள் மண்டியின் தகரக் கொட்டகையில் என்று என் வீட்டுக்காரர் சென்னியப்பன் வந்து சொன்னார். எனக்கு ஒரே ஆசைதான். நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், எழுந்திருக்காமல் பார்க்க வேண்டும்.

“முன் வரிசையில எனக்கொரு சேர் போட்டுருங்க. நடுவுல ஆரு கூப்புட்டாலும் எந்திரிக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்.”

“உனக்கில்லாத சேரா அம்மிணி? ஆனா அவுங்களுக்கு மத்தியானச் சோறு நம்மூட்லதான்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போது கேட்டிருக்கிறார்?

மெட்ராஸ்காரர்கள் பதினாலு பேர் வந்தார்கள். விடியற்காலையிலிருந்து நான் அடுப்பை விட்டு நகரவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல், கடைசியில் நெய் ஊற்றி ஒப்புட்டு. பருப்பும் வெல்லமும் உள்ளே வைத்துத் தட்டுகிற ஒப்புட்டு லேசில் செரிக்காது. தொடரில் வீட்டுச் சொந்தக்காரர் அருணகிரியாக வருகிற குண்டு நடிகர் இரண்டோடு இலைமேல் கையை வைத்து மறைத்தார். எங்கள் பக்கம் அதை யார் மதித்தார்கள்? மறைத்த கையைத் தூக்கிவிட்டுப் போடுவதுதான் மரியாதை. என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார், நான் போட்டேன். ஆறு ஒப்புட்டு. பாவம், மனிதர் மறு பேச்சுப் பேசாமல் தின்றார்.

நாலு மணிக்கு நாடகம். எச்சில் இலை எடுத்து, பாத்திரத்தை ஊறப் போட்டு, தலையை வாரிக்கொண்டு ஓடினேன். ஓடியிருக்கவே வேண்டாம். நன்கொடை கொடுத்தவர்கள் ஒருவர் விடாமல் மேடையேறித் துண்டு போர்த்திக்கொண்டதில் ஒரு மணி நேரம் போயிற்று. பொறுத்துக்கொண்டேன். ஒரு வழியாகத் திரை விலகியது. அருணகிரி வந்தார். “என் குடை எங்கே?” என்றார். கொட்டகையே கைதட்டியது. நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. என் வீட்டுக்காரர்.

“அம்மிணி, சித்த எந்திரி. அவருக்கு வவுறு உப்பிப்போச்சாம். ரெண்டு வசனம் பேசறதுக்குள்ள மூச்சு வாங்குது. பொறகால ஸ்டவ் இருக்குது, ஒரு சுக்குத்தண்ணி வெச்சுக் குடு.”

“நான் எந்திரிக்க மாட்டேன்னு சொன்னனுங்களா இல்லியா?”

“ஊர் மானம் போயிரும் சாரதாமணி. நீ போட்ட ஒப்புட்டுதான?”

நான் போட்ட ஒப்புட்டாம்! எழுந்து போனேன். மேடைக்குப் பின்னால் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பம்ப் ஸ்டவ்வை அடித்தேன். சுக்குக் கொதிக்க நேரமாயிற்று. படுதாவுக்கு அந்தப் பக்கம் குபீர் குபீரென்று சிரிப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் துணியும் அதில் ஆடுகிற நிழலும். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

தண்ணீரை ஆற்றி எடுத்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். அருணகிரி உள்ளே வருவதாக இல்லை. “அவரு வாரவரைக்கும் நில்லு” என்றார் என் வீட்டுக்காரர். ஒரு காட்சி போயிற்று. இன்னொன்றும் போயிற்று. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, நேரே மேடைக்குள் நடந்தேன். அருணகிரி கையில் டம்ளரைத் திணித்தேன்.

“இந்தாங்க, ஒரே மடக்குல குடிச்சுருங்க. நான் போயி நாடகம் பாக்கோணும்.”

திரும்பிப் பார்க்காமல் மேடைப் படி இறங்கினேன். முதுகுக்குப் பின்னால் அவர் குடித்திருக்கிறார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, தகரம் அதிர்ந்தது. நான் வந்து உட்கார்ந்து நிமிர்வதற்குள் சிரிப்பு அடங்கி, அடுத்த வசனம் ஆரம்பித்துவிட்டது. அப்புறம் பத்து நிமிஷம் பார்த்தேன். குடையை அரிசி டின்னில் யார் போட்டது, அதற்கு ஏன் மாப்பிள்ளை காலில் விழுகிறார், ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த எதிர்வீட்டுப் பாப்பாயியைக் கேட்டால், “பொறவு சொல்றனுங்க்கா” என்று மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை அசைத்தாள். அதற்குள் திரை விழுந்துவிட்டது.

வெளியே வருகிறபோது ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது.

“அக்கா, நீங்க குடுத்ததக் குடிச்சுப்போட்டு அவரு மூஞ்சி போன போக்கிருக்குதே!” என்று பாப்பாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “இத்தன நாள் டீவீல பாத்ததெல்லாம் அதுக்குக் கால் தூசுங்க்கா. இன்னைக்கு நாடகமே அதுதான்!”

“எப்படிப் போச்சு? செஞ்சு காட்டு பாக்கலாம்.”

உதட்டைக் கோணினாள். கண்ணை உருட்டினாள். அதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அது வராதுங்க்கா,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நேர்ல பாத்திருக்கோணும்.”