பின்சீட்டுக் காற்று

என் வீட்டுக்காரருக்கும் காற்றுக்கும் ஆகாது. காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் அஞ்சுகிராமத்தில் பிறந்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் கடலைப் பார்த்தபடி கிரேன் ஓட்டுகிறவருக்கு இப்படி ஒரு பகை. கப்பலில் வரும் மரத்தடிகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக் கரையில் இறக்குவது வன்னியபெருமாளின் வேலை. மேலே கண்ணாடி அறை, உள்ளே ஏசி. அங்கே காற்று வெளியில் நின்று கத்திவிட்டுப் போய்விடும். பைக்கில் ஏறினால்தான் அவரை விடாது. ஹெல்மெட்டுக்குள் புகுந்து இரைகிறது, கழுத்தை இறுக்குகிறது, நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல வந்து சொல்வார்.

ஞாயிறுதோறும் நாங்கள் அஞ்சுகிராமத்துக்குப் போவோம். என் மாமியார் அங்கே தனியாக இருக்கிறார். திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உவரி, கூடங்குளம் என்று கடலை ஒட்டியே போகிற ரோடு. போய்ச் சேர்ந்ததும் அவர் அம்மாவின் கட்டிலில் படுத்துத் தூங்குவார். நான் வீட்டைக் கூட்டி, துவைத்து, வாரத்துக்குத் தேவையான பொடிகளை இடித்து வைத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி பின்சீட்டில் ஏறுவேன். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு மாறி மாறி வரும் ஷிப்டு, எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. இரண்டு பேரும் விழித்துக்கொண்டு ஒரே இடத்தில் இருப்பது வாரத்தில் அந்த வண்டியின்மேல் மட்டும்தான். அதற்காக நான் எத்தனை துணி வேண்டுமானாலும் துவைப்பேன். அப்படித்தான் அப்போது இருந்தேன்.

கல்யாணமான புதிதில், முதல் பயணத்திலேயே எனக்கு ஒரு பாடம் நடந்தது.

"ஏளா செல்வி, வண்டியில போகும்போது நீ பேசுனா எனக்குக் கேக்காது. கப்பல்ல நாங்க எப்படிப் பேசுதோமோ அப்படிப் பேசிக்கிடுவோம்" என்றார்.

துறைமுகத்தில் கிரேன்காரருக்குக் கீழே நின்று ஒருவர் கையால் சைகை காட்டுவார். தூக்கு, இறக்கு, மெதுவாக, வலப்பக்கம் என்று எல்லாமே கைதான். அந்த ஒருவரின் கையைத் தவிர வேறு யார் கையையும் கிரேன்காரர் மதிக்க மாட்டார், கப்பல் கேப்டனே வந்து காட்டினாலும் சரி. ஒரே ஒரு சைகைக்கு மட்டும் விலக்கு உண்டு. நிறுத்து என்று யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். கூட்டிப் பெருக்குகிறவர் காட்டினாலும் நிறுத்த வேண்டும், ஏன் என்று பிறகுதான் கேட்க வேண்டும்.

அதையெல்லாம் என் கைக்கும் அவர் முதுகுக்கும் ஏற்றபடி மாற்றித் தந்தார். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் டீ. உள்ளங்கையை விரித்து நடுமுதுகில் அழுத்தினால் நிறுத்து. புதுப்பெண்டாட்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர் தொழிலின் பாஷையை எனக்குக் கொடுத்துவிட்டார் என்று பூரித்துப்போனேன். வேண்டுமென்றே இரண்டு தட்டுத் தட்டி வேண்டாத இடத்தில் எல்லாம் டீ குடித்திருக்கிறேன்.

ஒருநாள் ஷிப்டு முடிந்து பெருமையோடு வந்தார். தடிக்கட்டு அந்தரத்தில் தொங்கும்போது, கரையில் டீ கொண்டுவரும் அம்மா ஒருத்தி உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டியிருக்கிறாள், நிறுத்து என்பதற்கும் அதே சைகைதான். உடனே நிறுத்திவிட்டார். அவள் யாரையோ டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கிறாள், அவ்வளவுதான். வேலை கெட்டது என்று சூப்பர்வைசர் சத்தம்போட்டிருக்கிறார். "நிறுத்துன்னா நிறுத்துதான். நாளைக்கும் அவ கை காட்டுனா நாளைக்கும் நிறுத்துவேன்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தாராம். அந்தக் கதையை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

போன வருடம் பெரிய வண்டி வாங்கினார். வேகம் கூடியது, கூடவே காற்றும் கூடியது. பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஹெல்மெட்டின் தாடைக்குக் கீழே துணி வைத்துத் தைத்தார். காற்றுப் போகும் துவாரங்களில் டேப் ஒட்டினார். முகத்தை மூடும் குல்லா வந்தது. காதில் செருக ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்ற அடைப்பான்கள் வந்தன. கழுத்துக்கு ஒரு பட்டை, உட்காரும் இடத்துக்கு ஜெல் மெத்தை. அந்த மெத்தை முன்சீட்டு அளவுக்குத்தான் கிடைக்குமாம். எனக்கு வண்டி வாங்கும்போது இலவசமாகக் கொடுத்த ஹெல்மெட் இருந்தது. அதன் கண்ணாடி ஆணி கழன்று, போகும் வழியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே வரும்.

கடைசியாக வந்தது விண்ட்ஷீல்டு, வண்டியின் முகப்பில் மாட்டும் உயரமான கண்ணாடி. அதை மாட்டிவிட்டு ஹார்பர் ரோட்டில் நாலைந்து நாள் தனியாக ஓட்டிப் பார்த்தார். ஓடும்போதே இடது உள்ளங்கையைக் கண்ணாடிக்கு மேலே பிடித்து, காற்று எந்த உயரத்தில் போகிறது என்று பார்ப்பாராம். ஆணியைத் திருகி, சாய்வை மாற்றி, கீழே வாஷர் வைத்து, ஒருவழியாகச் சரிப்படுத்திக்கொண்டு வந்தார். "சத்தமே இல்லளா. வீட்டுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. காத்து அப்படியே தலைக்கு மேல ஏறிப் போயிருது" என்றார்.

தலைக்கு மேல் ஏறிய காற்று எங்கே போகும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்துபோயிற்று. அவர் தலைக்கு மேல் ஏறிய காற்று அத்தனையும் பின்னால் என் தலையில் இறங்கியது. முன்பு வந்தது நேராக வீசுகிற காற்று, அவர் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டால் தப்பித்துவிடலாம். இது சுழன்று அடித்தது. ஹெல்மெட் என் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டியது. குலசேகரன்பட்டினம் தாண்டினால் தேரிக்காட்டின் செம்மணல் வேறு சேர்ந்துகொள்ளும். இறங்கும்போது இடது காதில் உய்யென்று ஒரு சத்தம். ராத்திரி வீட்டுக்கு வந்தும் அது நிற்கவில்லை.

"எனக்குப் பின்னால காத்து முன்னைவிட மோசமா அடிக்குங்க" என்றேன்.

"நான் முன்னால மறைச்சு உக்காந்திருக்கேன், எனக்கு முன்னால கண்ணாடி இருக்கு. உனக்கு எப்படிக் காத்து வரும்?" என்றார். பிறகு காற்று எப்படிப் பிரிந்து போகும் என்று தட்டையும் டம்ளரையும் வைத்து விளக்கினார். அந்த விளக்கத்தில் தட்டு கண்ணாடி, டம்ளர் அவர். எனக்கு ஒரு ஸ்பூன்கூட வைக்கவில்லை.

வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகள் சொல்வது எனக்குப் பிடிபடாமல் போயிற்று. "டீச்சர், நா அப்பமே சொல்லிட்டேன்" என்று ஒரு பெண் அழுதுவிட்டாள். பயந்துபோய்க் காது டாக்டரிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, மெல்லிய சத்தங்கள் இடது காதில் குறைய ஆரம்பித்திருக்கின்றன என்றார். மணிக்கணக்கில் காற்று இரைச்சலில் போனால் இது நடக்கும், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், நல்ல ஹெல்மெட் போடுங்கள், காதை அடைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இவரிடம் வந்து சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தார். "நான் புதுசு வாங்கிட்டேன். இது என் பழசு. கழுவிப் போட்டுக்க" என்று ஆரஞ்சு அடைப்பான்களைத் தந்தார். அவர் காதின் அழுக்கு ஓரத்தில் படிந்திருந்தது. கழுவித்தான் போட்டுக்கொண்டேன். என் காதுக்கு அவை பெரிது, ஹெல்மெட் ஆடுகிற ஆட்டத்தில் திருச்செந்தூர் வருவதற்குள் இரண்டும் கழன்றுவிட்டன.

ஆடி மாதம் வந்தது. அந்த ரோட்டில் ஆடிக்காற்று எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். மணப்பாட்டுக்கு ரோடு பிரியும் விலக்கு தாண்டியதும் என் காதுக்குள் ஊசி இறங்கியது போல ஒரு வலி. அடுத்த நிமிடம் ரோடும் பனைமரங்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. உள்ளங்கையை விரித்து அவர் நடுமுதுகில் அழுத்தினேன். வண்டி போய்க்கொண்டிருந்தது. மறுபடி அழுத்தினேன். பிறகு இரண்டு கைகளையும் வைத்து, என் பலம் அத்தனையும் கொடுத்து அழுத்தினேன். அவர் இடது கையைப் பின்னால் கொண்டுவந்து என் முழங்காலில் லேசாகத் தட்டிக்கொடுத்தார். வேகம் குறையவே இல்லை.

கூடங்குளம் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். நான் இறங்கி அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீர் வாங்கி வந்து, தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கை வச்சது தெரியலையா?" என்று கேட்டேன். தெரியவில்லை என்று சொல்லிவிட வேண்டுமே என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"தெரிஞ்சுது. வண்டி நல்ல சீரா போய்ட்டு இருந்துது. கூடங்குளம் வந்துரும்லா, அங்கன நிறுத்திக்கிடலாம்னு பாத்தேன்."

"டீக்காரம்மாவுக்கு நிறுத்துனீங்க."

"அது டூட்டிளா" என்றார். மனிதர் கொஞ்சமும் தயங்கவில்லை.

அவரோடு வேலை பார்க்கும் ஜெஸ்டின், புன்னைக்காயல்காரர், அவரும் பெரிய வண்டிப் பைத்தியம். மறுநாள் வீட்டுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்து விசாரித்தார், நானும் மறைக்காமல் சொன்னேன். "அண்ணாச்சி, மதினி சொல்லுதது சரியாத்தான் இருக்கும். நான் ஓட்டுதேன், நீங்க பின்னால உக்காருங்க. மதினி ஹெல்மெட்ட போட்டுக்கிடுங்க" என்றார்.

ஆத்தூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். இவர் இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டே நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஏளா, நீ சொன்னது நெசந்தான். பின்னால மனுசன் உக்கார முடியாது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மனிதர் தன் வாயால் நீ சொன்னது நிஜம் என்று சொல்வதற்குத்தான் எத்தனை நாள் காத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க அவருக்குப் பிடித்ததாகச் சமைத்தேன். கண்ணாடியைக் கொஞ்சம் வெட்டிக் குறைப்பாரா, எனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கித் தருவாரா, இல்லை மெதுவாகவே ஓட்டுவாரா என்று ஆசை ஆசையாகக் கணக்குப் போட்டேன். எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம்தான். சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

ஞாயிறு காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். உயரமான கண்ணாடி அப்படியே இருந்தது. என் சீட்டைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பாகப் பெரிய பெட்டி ஒன்று பூட்டுச் சாவியோடு ஏறி உட்கார்ந்திருந்தது.

"மழைக்கோட்டு, தண்ணி, அம்மாக்கு வாங்குத சாமான் எல்லாம் இதுல போயிரும். நீ பஸ்ல வந்துரு. உனக்கும் உடம்புக்கு நல்லது" என்றார். அவர் முகத்தில் உதவி செய்தவரின் திருப்தி இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆறுமுகனேரிக்குப் பக்கத்தில் அவர் வண்டி பின்னாலிருந்து வந்து பஸ்ஸை ஒட்டி ஓடியது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, துறைமுகத்தில் நிறுத்து என்று காட்டுவதைப் போலவே காட்டினேன். பார்த்தார். நன்றாகவே பார்த்தார். ஒரு ஹாரன் அடித்துவிட்டு முன்னால் போனார்.

திருச்செந்தூரில் டீக்காகப் பஸ்ஸை நிறுத்தினார்கள். நானும் இறங்கினேன். டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார், கண்டக்டர் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். வரவில்லை என்று தலையை ஆட்டினேன். பஸ் போயிற்று. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, எனக்காக ஒரு டீ வாங்கிக் குடித்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்த பிறகு, எதிரில் ஆழ்வார்திருநகரி போகும் பஸ் வந்து நின்றது. அங்கிருந்து எங்கள் அப்பா வீடு நடக்கிற தூரம். ஏறி உட்கார்ந்தேன்.

நாசரேத் வரும்போது அவர் போன் செய்தார். வலது காதில் வைத்துக்கொண்டேன்.

"பஸ் வந்துட்டு, நீ இறங்கலையே. அம்மா துணியெல்லாம் ஊறப் போட்டு வச்சிருக்கா. எங்கன நிக்க? நான் பேசுதது கேக்கா?"

"கேக்கு" என்றேன். "நிறுத்திட்டேன்."

"என்னத்த நிறுத்துன? ஏன்?" என்று கேட்டார்.

நிறுத்திய பிறகுதானே ஏன் என்று கேட்க வேண்டும். முறைப்படிதான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனை அணைத்தேன்.