இறங்க வேண்டியவள்

கிறிஸ்டி அத்தை அந்தக் கறுப்பு ஜிப் உறையை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து, சவப்பெட்டிக்குள் கிடந்த தன் தம்பி எபனேசரின் கைகளுக்கு அடியில் செருகிவிட்டாள். பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த மகள் சாலோமி அந்த உறையையே பார்த்தாள்.

“பைபிள் இல்லாமலா மனுசன அனுப்புவாவ? எல்லாத்தையும் நாந்தான் பாக்க வேண்டியிருக்கு,” என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

உறை அப்பாவின் பைபிளுடையதுதான். உள்ளே இருந்தது பைபிள் அல்ல, ஒரு ஆங்கில நாவல். இரும்புக் கொம்பு வைத்த ராஜா மண்டையோட்டுக் குவியல்மேல் கால்போட்டு உட்கார்ந்திருக்கும் அட்டைப்படம். கல்லூரித் தோழி தஸ்மியா படிக்கக் கொடுத்தது. செத்தவர்களின் ஊருக்குள் போய்த் தம்பியை மீட்டுவரப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை. முதல்நாளே அந்த அட்டையைப் பார்த்துவிட்ட அம்மா பிரிஸில்லா, “பிசாசு புஸ்தகம் இந்த வீட்டுக்குள்ள இருக்கப்படாது” என்று வாசலில் வீசியெறிந்தாள். சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் வேறு, கேட்கவா வேண்டும்.

உறைக்குள் போட யோசனை சொன்னது அப்பா எபனேசர்தான்.

“லெச்சணமா பைபிள் மாதிரியே இருக்கும். ஒங்க அம்மைக்கு சந்தேகமே வராது பாரு,” என்றார். தன் பைபிளை எடுத்து பீரோவுக்குள் வைக்கச் சொன்னதும் அவரே.

வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனுஷனுக்கு ஈரல் கெட்டுப்போனது என்ன நியாயமோ. அவர் படுக்கையில் விழுந்த பிறகு சாயங்காலம்தோறும் சாலோமி கட்டிலோரம் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் கண்ணை ஓட்டித் தமிழில் கதை சொல்லுவாள். அம்மாவுக்குக் கேட்காதபடி பையத்தான் சொல்லுவாள். அந்த நேரத்தில் மட்டும் அடுப்படியில் மிக்ஸி ஓடாது, குழாய்ச் சத்தம்கூட இருக்காது. வேதவாசிப்புக்கு அம்மா கொடுக்கும் மரியாதை என்று அப்பாவும் மகளும் கண்ணாலேயே சிரித்துக்கொள்வார்கள்.

அவர் மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராகவே காலத்தை ஓட்டியவர். கதையில் விளக்கில்லாத வீடுகள் வரிசையாக வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“எழுதுனவன் மாஞ்சோலைக்கு வந்திருக்கானோ? சனம் பூரா காலி பண்ணி எறங்குன பெறவு லைன் வீடெல்லாம் இப்படித்தான் கெடக்கு. கூப்பிட்டா ஒரு நாய்கூட வராது.”

“இது கதப்பா.”

“கதைன்னா என்ன, பயம் நெசந்தானட்டி.”

கொம்பு ராஜாவைக் கண்டு அவர் பயப்படவில்லை. “வெறும்பய, சத்தம்தான் பெருசு” என்று தள்ளிவிட்டார். கவலையெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். “ஏட்டி, அந்தப் புள்ள வெளிய வந்துருவால்லா?” என்று தினமும் கேட்பார். “ஏத்துன ஆள எறக்கி விடாம வண்டிய டிப்போவுக்குக் கொண்டு போக முடியுமா? அவ எறங்கணும்ட்டி.” முடிவைத் தனியாகப் படித்துவிடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்தபோது அவருக்கு நினைவு தப்பியது. நேற்று விடியும்போது போய்விட்டார்.

பெட்டியை மூடுமுன் இறந்தவரின் பைபிளைப் பிள்ளைகளில் மூத்தது எடுத்து, அவருக்குப் பிடித்த பகுதியை வாசிப்பது அந்தச் சபை வழக்கம். போதகர் தேவசிகாமணி வந்து உட்கார்ந்த பிறகுதான் அது சாலோமிக்கு உறைத்தது. மூத்ததும் இளையதும் அவள் ஒருத்தியே. பந்தலின் முன்வரிசை முழுக்க அம்மாவின் சங்கத்துப் பெண்கள். அவர்கள் முன்னால் கொம்பு ராஜா எட்டிப்பார்த்தால் அம்மா இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவாள்? செத்துக்கிடக்கும் அப்பாவையும் அல்லவா வாய்க்கு வந்தபடி பேசுவார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

“அம்மா, பீரோ சாவியத் தா.”

“இப்ப எதுக்குட்டி?”

“சும்மாம்மா.”

பிரிஸில்லா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண். “எல்லாம் பெறவு பாக்கலாம். இங்கன இரு,” என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது.

“சாலோமி, அப்பாவுக்குப் பிடிச்ச சங்கீதத்த வாசிம்மா,” என்றார் போதகர்.

எங்காவது ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. எழுந்துபோய் அப்பாவின் கைகளுக்கு அடியிலிருந்து உறையை உருவினாள். அட்டை தெரியாதபடி நெஞ்சோடு அணைத்து ஜிப்பை இழுத்தாள். கடைசி அத்தியாயத்துக்கு அடையாள நாடா வைத்திருந்த இடத்தில் திறந்துகொண்டது. அம்மா வந்து பக்கத்தில் நின்றாள், தோளோடு தோள் உரசும்படி.

அந்தச் சங்கீதம் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கின காலத்திலிருந்து நாக்கில் கிடப்பது. வாய் அதன்பாட்டுக்குச் சொல்லத் தொடங்கியது. வாசிப்பதுபோல் காட்ட வேண்டுமே என்று புத்தகத்தில் வைத்த கண் அங்கேயே மாட்டிக்கொண்டது. அப்பா எதிரேதானே இருக்கிறார், சத்தியத்தை மீறவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தாளைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

அந்தப் பெண் தம்பியைச் சுமந்துகொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். ஒருவர்தான் வெளியே போகலாம் என்றான் ராஜா. தம்பியைப் பிடித்து வெளியே தள்ளினாள். கதவு சாத்திக்கொண்டது. அதற்குமேல் வெறும் தாள்.

சங்கீதம் பாதியில் உடைந்தது. அடப்பாவி, இதற்கா எங்கப்பாவை இத்தனை நாள் காக்கவைத்தாய் என்று எழுதினவன்மேல் ஆத்திரம் பொங்கியது. முன்வரிசைப் பெண்கள், பிள்ளை அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று விம்மினார்கள். அதுவும் பொய்யில்லை. மீதியை எப்படியோ சொல்லி முடித்தாள்.

“ஆமென்,” என்றது பந்தல்.

பிரிஸில்லா கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள்.  அம்மா உறையை மடித்து, ஜிப்பைச் சுற்றிலும் பைய இழுத்து மூடினாள். பெட்டியின்மேல் குனிந்து, அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். குனிந்தபடியே, மகளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“அந்தப் புள்ள வெளிய வந்துட்டாளா?”

சாயங்காலங்களில் அடுப்படியில் ஓடாமல் கிடந்த மிக்ஸி சாலோமியின் நினைவுக்கு வந்தது. 

“வந்துட்டாம்மா,” என்றாள்.

“ம்.” அம்மா அவருடைய சட்டைக் காலரை நேராக்கிவிட்டாள். “அப்பாட்டயும் சொல்லிரு.”

சாலோமி குனிந்தாள். மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவளுக்காகக் கொஞ்சம் பொறுத்திருந்தார்கள்.