மூச்சு விடும் குழாய்

1

இந்தக் கதைக்கு முதலாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் என்னுடையதல்ல. எண்பத்து நாலில், ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு போகிற பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது:

"அவரு தீவுல இருந்து வந்ததுல இருந்து எங்க போரு மூச்சு உடுதுங்க அக்கா."

போரு என்றால் ஆழ்துளைக் கிணறு. பக்கத்துப் பெண் சிரிக்கவில்லை. எந்நேரமுமா என்று மட்டும் கேட்டார். பதில் வருவதற்குள் வையப்பமலை நிறுத்தம் வந்துவிட்டது. சொன்னவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். பெயர் தெரியாது, சௌந்திரம் என்று வைத்துக்கொள்கிறேன். (பேருந்தில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. கிட்டே போகப் போக மரியாதை விகுதி உதிர்ந்துவிடுகிறது.) இனி வருவதெல்லாம் நான் கட்டியது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

2

முதலில் கதையைத் தீவில்தான் தொடங்கினேன்.

"நீலப் பளிங்காய் விரிந்து கிடந்த கடலின் நடுவே, தென்னைகள் தலையசைக்கும் அந்தச் சின்னஞ்சிறு"

(இதற்கு மேல் போகவில்லை. நான் எந்தத் தீவையும் பார்த்தவனில்லை. இது மளிகைக் கடை நாட்காட்டியில் இருக்கிற தீவு.)

அடுத்த தொடக்கம்: "சென்னிமலை ஊர் திரும்பியபோது அவர் நிழல்கூட ஈரமாக இருந்தது." முதல் வரியிலேயே உங்களைப் பயமுறுத்தப் பார்க்கிறேன். அதுவும் வேண்டாம். அவர் திரும்பி வந்த அன்று சௌந்திரத்துக்குப் பயமே இல்லை, சந்தோஷம்தான்.

அவள் புருஷன் சென்னிமலை ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போட ஊர் ஊராகப் போகிறவர். ரிக் முதலாளி அர்த்தநாரி ஒருநாள் புது வேலையொன்று பிடித்து வந்தார். கடலுக்கு நடுவே ஒரு தீவில் பெரிய ஓட்டல் கட்டுகிறார்கள். கண்ணாடி மாட்டி, முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறை பார்க்க வெள்ளைக்காரர்கள் வருகிற தீவு. மேலே ஏறி வந்தால் அவர்களுக்கு அறைக்கு அறை குளியல் தொட்டி வேண்டும், நீச்சல் குளம் வேண்டும். அத்தனைக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். வண்டியைத் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள்.

ஆடிக்குள் வந்துவிடுவேன் என்று போனவர் மார்கழியில்தான் வந்தார். இடையில் ஒரு தகவலும் இல்லை. அந்த மாதங்களில் சௌந்திரம் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு காது வீட்டுக்கு வருகிற தடத்தின் பக்கமே இருந்தது. செருப்புச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். வேறு யாரோ தாண்டிப் போன பிறகுதான் அந்தக் கை மறுபடி அசையும்.

3

தீவைப் பற்றி அவர் ஒரேயடியாகச் சொல்லவில்லை. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்த காட்டில் களை எடுக்கும்போது கொஞ்சம், சாப்பிட்டுக் கை கழுவும்போது கொஞ்சம் என்று சொன்னார். சௌந்திரம் அதைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

அங்கே ஹபீப் என்று ஒரு பையன். வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிற தீவுக்காரன். தூத்துக்குடி படகுகளில் வேலை பார்த்ததால் அரைகுறையாகத் தமிழ் வரும். இந்தத் தீவுக்கு அடியில் மண்ணே இல்லை, எல்லாம் குகை என்பான். நீங்கள் துளை போடும்போது கடலுக்கடியில் இருக்கிற எனக்குப் பல் கூசுகிறது என்பான். அதனால் அவன் மேலே ஏறி வந்த பிறகே சென்னிமலை ரிக்கை ஓட்டினார்.

ஒருநாள் ஹபீப் தனியாகக் கடலுக்குள் இறங்கினான். திரும்பவில்லை.

* முதல் பிரதியில் அன்று ரிக் ஓடிக்கொண்டிருந்தது. துளை குகைக் கூரையை உடைத்துவிட்டது என்று எழுதியிருந்தேன். எழுதியதும் சென்னிமலை குற்றவாளி ஆகிவிட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. பேருந்தில் நான் கேட்டது குற்றவாளியின் மனைவி குரல் அல்ல. ஆகவே அன்று டீசல் வரவில்லை. ரிக் ஓடவில்லை.

மறுநாள் வேலை தொடங்கப் போனபோது, இறக்கியிருந்த இரும்புக் குழாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வாயில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே இழுக்கும். வெகுநேரம் கழித்து மெதுவாக வெளியே தள்ளும். கடல் ஏறி இறங்குவதால் வருகிற காற்று என்றார் ஓட்டல் எஞ்சினியர். சென்னிமலையும் அப்படித்தான் நம்பினார்.

ஆனால் ஹபீபின் தாய் அப்படி நம்பவில்லை. தினமும் வந்து குழாயருகே மண்டியிட்டுக் காதை வைப்பாள். பேச மாட்டாள். அழ மாட்டாள். கேட்பாள், அவ்வளவுதான். அவள் எழுந்து போகும் வரை சென்னிமலை எஞ்சினைப் போட மாட்டார். வேலை முடிந்து மோட்டார் இறங்கியதும் அந்த இடத்தைச் சுற்றிப் புல் பதித்து, ஓட்டல்காரர்கள் உயரமாக வேலி போட்டுவிட்டார்கள். விருந்தாளிகள் உலாவுகிற இடமாம். சென்னிமலை கப்பலேறிய அன்று அவள் வேலிக்கு வெளியே நின்றிருந்தாள்.

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கல சௌந்திரம். என்னையவே பாத்துக்கிட்டு நின்னா."

4

காட்டு மூலையில் அவர்களுடைய சொந்த போர் ஒன்று இருந்தது. சென்னிமலை தன் கையால் போட்டது, தண்ணீர் வரவில்லை, புகைதான் வந்தது. குழாயின் வாயைத் தகர டப்பாவால் மூடி, மறந்துவிட்டார்கள்.

தை மாதம், நல்ல வெயிலில், அந்த டப்பா ஆடுகிற சத்தம் சௌந்திரத்துக்குக் கேட்டது. இலைகூட அசையாத நேரம். ஓணானாக இருக்கும் என்று டப்பாவை எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கையை வைத்தாள். உள்ளங்கை இழுபட்டது. குழந்தை பால் குடிக்கிறபோது இழுக்குமே, அந்த அளவுக்குத்தான். பதறிக் கையை எடுத்தாள். சற்றுப் பொறுத்து உள்ளிருந்து ஈரக்காற்று வந்தது. அதில் ஒரு வாடை இருந்தது. கடலையே பார்த்திராத அவளுக்கு அது என்ன வாடை என்று தெரியவில்லை.

* இந்தப் பக்கத்துப் பூமி முழுக்கக் கல். கடல் எங்கோ இருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். வெயிலுக்கும் காற்றழுத்தத்துக்கும் சில போர்கள் இப்படிச் செய்வதுண்டு என்றார். இதை எழுதினால் கதை முடிந்துவிடும் என்று பயந்தேன். இதோ எழுதியும் விட்டேன். முடியவில்லை.

"ஏனுங்க, நம்ம போரு காத்து இழுக்குதுங்க" என்றாள் புருஷனிடம்.

"தெரியும்."

"எப்ப இருந்துங்க?"

"நான் வந்த அன்னைக்கே பாத்துட்டேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மூடிப் போடணும். ராசிபுரத்துல சிமெண்டுக்குச் சொல்லியிருக்கேன்."

5

அவர் சிமெண்டு எடுக்கப் போயிருந்த முற்பகலில் அவள் தனியாகப் போய்க் குழாயில் காதை வைத்தாள்.

என்ன கேட்டது? இங்கேதான் பல நாள் நின்றேன். அலைச் சத்தம் என்று எழுதினேன், அடித்தேன். ஒரு பையன் குரல் என்று எழுதினேன், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அடித்தேன். ஒன்றுமே கேட்கவில்லை என்று எழுதினேன். அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆளில்லாத வீட்டில் ஒன்றும் கேட்காமல் இருப்பது வேறு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் அசையாமல் நிற்கும்போது ஒன்றும் கேட்காமல் இருப்பது வேறு. சௌந்திரத்துக்கு இந்த இரண்டாவது நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் தடத்துக்குக் காது கொடுத்து அவள் இருந்தது அப்படித்தான். குழாயின் மறுமுனையில் இன்னொருத்தி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஓட்டல்காரர்கள் போட்ட வேலியை எப்படித் தாண்டினாளோ.

சௌந்திரத்தின் புடவைத் தலைப்பு குழாய் வாயில் உரசியது. சின்னச் சத்தம்தான். உடனே காற்று நின்றுபோயிற்று. இன்னும் நன்றாகக் கேட்பதற்காக யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது போல.

6

சென்னிமலை வந்து சிமெண்டைக் குழைக்கிறார். சௌந்திரம் குழாயருகே உட்கார்ந்திருக்கிறாள். பேருந்தில் நான் கேட்டது இந்த நாளுக்கு முன்பா பின்பா, தெரியாது. அதனால் எந்த முடிவையும் நான் எழுதலாம்.

ஒன்று: "உங்க பையன் இங்க இல்லீங்க" என்று அவள் உள்ளே பார்த்துச் சொல்லிவிடுகிறாள். நேர்மையான முடிவு. ஆனால் அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னாலும் அவளுக்கு எட்டப்போவது ஒரு குரல் மட்டுமே. அந்தக் குழாயிலிருந்து எந்தக் குரல் வந்தாலும் அவளுக்கு அது மகனுடையதுதான். அப்புறம் சாகும்வரை அவள் அந்த வேலியை விட்டு நகர மாட்டாள்.

இரண்டு: ஒன்றும் பேசாமல் மூடிவிடுகிறார்கள். சௌந்திரத்துக்கு நிம்மதி. சென்னிமலைக்குத் தூக்கம். அங்கே, மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு ஒரு சத்தம் போய்ச் சேரும். ஈரச் சிமெண்டு விழுகிற சத்தம். குழிக்குள் மண் தள்ளுகிற சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்று: மூடாமல் விட்டுவிடலாம் என்று அவள் புருஷனிடம் கெஞ்சுகிறாள். அவர் திருப்பிக் கேட்கிறார், தினமும் நீ போய் அங்கே

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சௌந்திரம் அங்கே போய் உட்காரத் தொடங்கிவிட்டால் பிறகு எழுந்திருக்க மாட்டாள்.)

குழைத்த சிமெண்டு ரொம்ப நேரம் தாங்காது, இறுகிவிடும். சென்னிமலை சட்டியை நிரப்பிவிட்டார். சௌந்திரம் ஒரு கையால் குழாய் வாயை மறைத்திருக்கிறாள். உள்ளங்கையில் இழுப்பும் இல்லை, தள்ளலும் இல்லை. அந்தப் பக்கம் அவள் இன்னும் காத்திருக்கிறாள்.

அவர் சட்டியோடு குனிந்து நிற்கிறார்.

"ஊத்தட்டுங்களா?"

சௌந்திரம் நிமிர்ந்து பார்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவர் பார்வையும் அவள்மேல் இல்லை. அவளைத் தாண்டி, இந்தப் பக்கம், இதைப் படித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தபடி அவர் நிற்கிறார்.